உடுக்குறி இட்ட கை

என் டோக்கன் பதினாறு. இப்போது ஒன்பது உள்ளே போயிருக்கிறது. ஒரு டோக்கனுக்கு ஏழு நிமிடம் என்று வைத்தாலும் ஐம்பது நிமிடம் இருக்கிறது, அதற்குள் அண்ணன் வந்துவிடும் என்று கோமதி மூன்றாவது தடவையாகச் சொல்கிறாள். முதல் இரண்டு தடவையும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இந்தத் தடவை மடியிலிருக்கும் பூப்பையைப் பார்த்துச் சொல்கிறாள். அவளுடைய அண்ணன் மாசிலாமணிக்கும் எனக்கும் இன்று பதினொரு மணிக்குப் பதிவுத் திருமணம். மணி பதினொன்று பத்து. பத்தரைக்கே வருவதாகச் சொன்னவர் வரவில்லை, அவருடைய போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும், மூன்று பேரும் வந்துவிட்டார்கள்: கோமதி, அகராதி அலுவலகத்தில் என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் தெய்வானை, மாசிலாமணி வேலை பார்க்கும் அச்சகத்தின் மெஷின்மேன் அன்வர். எனக்கு நாற்பத்து மூன்று வயது, பெயர் ஹெப்சிபா, தொழில் ஜெர்மன்-தமிழ் அகராதியில் சொற்களுக்குப் பிறப்பு வரலாறு எழுதுவது. சார்பதிவாளர் அலுவலகத்தின் மாடி வராந்தாவில் நீளமான இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், பெஞ்சு சூடாக இருக்கிறது, பட்டுப்புடவை முதுகில் ஒட்டுகிறது. எனக்கு அழுகை வரவில்லை. வருமா என்று பார்த்தேன், வரவில்லை. வியர்வைதான் வருகிறது. வலது கையை விரித்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன், நான் பயந்தால் என் மனது சொல்லுக்குப் போய்விடும், அது பழக்கம், இன்றைக்கு எந்தச் சொல்லுக்குப் போகிறது என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கை. ஜெர்மனில் ஹான்ட். ஆங்கிலத்தில் ஹேண்ட், டச்சிலும் ஸ்வீடிஷிலும் ஏறக்குறைய அதேதான், டேனிஷ்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள், ஐஸ்லாந்துக்காரர்கள் உதட்டைக் குவித்துச் சொல்வார்கள். இத்தனை பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய்ச் சொல் ஹந்துஸ் என்று இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று சொல்லக் கூடாது, இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்லலாம், ஏனென்றால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதத் தெரியாதவர்கள் இரண்டாயிரம் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் வடகடலோரத்தில் பேசிய பேச்சு அது. பிள்ளைகளின் முகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துத் தாயின் முகத்தை வரைகிறோம். அப்படி வரைந்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவது எங்கள் தொழில் வழக்கம், தமிழில் உடுக்குறி. இந்தச் சொல்லை எவரும் கண்ணால் கண்டதில்லை என்று அதற்கு அர்த்தம். ஹந்துஸுக்கு ஐந்து மாதம் உட்கார்ந்தேன். ஏனென்றால் அதற்கு மேலே போக வழியில்லை. கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அத்தை பிள்ளை மாமன் பிள்ளை என்று ஒருத்தரும் இல்லை. கிரேக்கமும் ஹிட்டைட்டும் ஆர்மீனியமும் கைக்கு வேறொரு பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, சமஸ்கிருதத்து ஹஸ்தமும் அந்தக் குடும்பம்தான். ஹஸ்தம், ஹான்ட், இரண்டும் ஒன்றுதானே மேடம் என்று தெய்வானையே கேட்டிருக்கிறாள். இல்லை. ஜெர்மன் ஹகரம் பழைய ககரத்திலிருந்து வந்தது, சமஸ்கிருத ஹகரம் வேறு ஓர் ஒலியிலிருந்து வந்தது, வாசலில் பார்க்க ஒரே ஜாடையாக இருப்பார்கள், உள்ளே போனால் சம்பந்தமே இருக்காது. நாம் கைது என்பதில் கை இருப்பதாக நினைத்துக்கொள்வது போல. கைது அரபியிலிருந்து வந்த சொல், அதில் கையே இல்லை. ஜாடை உறவாகாது, இது மட்டும்தான் இருபது வருடத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது. பிடிப்பது, சிறைப்படுத்துவது என்ற பொருளில், ஜெர்மனுக்கு மூத்த உறவான கோத்திய மொழியில் ஒரு வினைச்சொல் உண்டு, பிடிப்பதுதான் கை என்று ஆயிற்று என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. நிரூபணம் போதாது. நான் "பிறப்பு தெரியவில்லை" என்று எழுதினேன். "தெரியலைன்னு சொல்றதுக்கு ஓர் அகராதியா?" என்றார் தலைமைப் பதிப்பாசிரியர். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லவும் ஓர் இடம் வேண்டுமே என்றேன். விட்டுவிட்டார்.

பத்தாம் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். ஒரு குடும்பமே எழுந்து உள்ளே போகிறது. ஹந்துஸ் இருக்கும் பக்கம் திருத்தத்துக்கு அச்சாகி வந்தபோதுதான் மாசிலாமணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அச்சகத்தில் பக்கம் அமைப்பது அவர் வேலை. முழுக்கைச் சட்டை, இடது கை நுனி மடித்து ஊக்கு குத்தியிருந்தது. "மேடம், இந்த ஹந்துஸுக்கு முன்னாடி ஸ்டார் இருக்கே, அது அடிக்குறிப்புக்கா? கீழ தேடினேன், குறிப்பு எதுவும் இல்லை" என்றார். அடிக்குறிப்பு இல்லை, இந்தச் சொல் எங்கேயும் கிடைக்கவில்லை, இருந்திருக்கும் என்று நாங்களாகக் கணக்குப் போட்டது, அதற்கான குறி என்றேன். அவர் அந்தக் குறியின்மேல் விரலை வைத்தார். "அப்போ இல்லைன்னு அர்த்தமா, இருக்குன்னு அர்த்தமா?" இரண்டும்தான் என்றேன். "எனக்கும் அப்படி ஒண்ணு இருக்கு மேடம். மழைக்காலத்துல சுண்டுவிரல் அரிக்கும். சொறியலாம்னு பார்த்தா விரல் இருக்காது." சிரித்துக்கொண்டே சொன்னார், என்னிடம் இரக்கம் எதையும் எதிர்பார்க்காத சிரிப்பு. இருபத்தாறு வயதில் வேறோர் ஊரில் வேறோர் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷினில் போயிற்றாம், மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை மேலே. அதன் பிறகு வந்த பெண் வீட்டார் எல்லாரும் காபி குடித்துவிட்டுப் போனார்களாம். இப்போது அவருக்கு நாற்பத்தேழு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை அச்சுப் பக்கங்களைத் திருத்தக் கொண்டுவரும்போதும் ஒரு சந்தேகம் கொண்டுவருவார். சில சந்தேகங்கள் வேண்டுமென்றே கொண்டுவந்தவை என்று தெய்வானைதான் முதலில் சொன்னாள். எனக்குத் தெரிந்திருந்தது. நானும் சில பதில்களை நீட்டிச் சொன்னேன்.

பதினொன்றாம் எண் உள்ளே போகிறது. நோட்டீஸ் பலகையில் எங்கள் அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது, ஒரு மூலை கிளம்பிவிட்டது. நான் லுத்தரன் சபை, அவர் சைவர், அதனால் சிறப்புத் திருமணச் சட்டம், அதனால் முப்பது நாள் அறிவிப்பு. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். விண்ணப்பம் கொடுக்க வந்த அன்று குமாஸ்தா என்னைப் பார்த்து, "கார்டியன் யாரும் வந்திருக்காங்களாம்மா?" என்றார். பழக்கதோஷத்தில் கேட்டிருப்பார், பிறகு வயதைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கோபப்படவில்லை. அந்த நேரத்தில் ஃபோர்முன்ட் என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஜெர்மனில் காப்பாளர். முன்ட் என்றால் இன்றைய ஜெர்மனில் வாய், அதனால் முன்னால் நின்று நமக்காகப் பேசுகிறவர் என்று ஜெர்மானியர்களே நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு முன்ட். பழைய காலத்தில் ஹந்துஸுக்குப் பக்கத்திலேயே கைக்கு இன்னொரு சொல் இருந்தது, முந்தோ, அதற்கும் உடுக்குறி உண்டு. அந்தக் கை தலைக்குமேல் நீட்டிய கை, காவல். கை என்ற பொருள் செத்துப்போய்க் காவல் மட்டும் மிஞ்சியது. எங்கள் அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது. ஐசக் அண்ணன் அன்றிலிருந்து என் தலைக்குமேல் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். வந்த மாப்பிள்ளைகளிடம் எனக்குப் பதிலாகப் பேசினான், ஒருத்தர் படிப்பு போதாது, ஒருத்தர் சபை வேறு, ஒருத்தர் அம்மா வாயாடி. கெட்ட எண்ணத்தில் செய்தான் என்று சொல்ல மாட்டேன். நீட்டிய கையை எப்போது மடக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மாசிலாமணியைப் பற்றிச் சொன்னபோது, "வேற சாதின்றதை விடு, வேற மதம்ன்றதையும் விடு. கை இல்லாதவனை எதுக்குடி?" என்றான். அறிவிப்பு ஒட்டிய பதினேழாம் நாள் அவன் இங்கே வந்து பலகையைப் படித்துவிட்டுப் போனானாம். குமாஸ்தாதான் சொன்னார். "உங்க அண்ணன்னு சொன்னார். ரொம்ப நேரம் நின்னார். எதுவும் எழுதிக் குடுக்கலை." நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால் நிம்மதி மட்டும் இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போடும்போது சந்தேகம் வராது.

சந்தேகம் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அல்லது அதற்கு முன்னாலேயே இருந்து ஞாயிற்றுக்கிழமை வெளியே தலைகாட்டியது. இதை நான் தள்ளித் தள்ளி வைக்கிறேன், சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறேன், வந்துதான் தீர வேண்டும். முக்கொம்பில் நானும் மாசிலாமணியும் ஆற்றுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஊக்கைக் கழற்றி இடது சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டினார். நான் அதை அதுவரை பார்த்ததில்லை, ஒன்றரை வருடப் பழக்கத்தில் ஒருமுறைகூட. "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க" என்றார். பார்த்தேன். முனை உருண்டையாக, வழவழவென்று, குறுக்கே ஒரு தையல் தடம், சுருக்குப்பையை இழுத்துக் கட்டியது போல. பார்ப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. "தொட்டும் பாருங்க" என்று என் வலது கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "இப்ப விரலை மடக்குறேன். தெரியுதா?" தோலுக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. இல்லாத ஐந்து விரல்களை அவர் மடக்க, உள்ளே நரம்போ தசையோ என் உள்ளங்கைக்குக் கீழே நெளிந்து போயிற்று. நான் கையை இழுத்துக்கொண்டேன். நினைத்து இழுக்கவில்லை, அடுப்பிலிருந்து இழுப்பது போல அதுவாக வந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன், பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அவர் சட்டைக்கையை இறக்கி, மடித்து, ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையால் குத்தினார். உதவி செய்திருக்கலாம். என் இரண்டு கையும் மடியில் கிடந்தன. அதற்குப் பிறகு போனில் பேசியது எல்லாம் கோமதி எத்தனை மணிக்கு வருவாள், ஆதார் நகல் எடுத்தாயிற்றா என்பதுதான். அந்தக் கேள்வியை, அண்ணன் கேட்ட கேள்வியை, நான் கேட்கவில்லை, என் கை கேட்டுவிட்டது.

"பதினஞ்சு போகுது" என்கிறாள் தெய்வானை. அன்வர் பைக்கை எடுத்துக்கொண்டு மாசிலாமணியின் அறைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறான், மூச்சு வாங்குகிறது. "பூட்டியிருக்கு மேடம். ஹவுஸ் ஓனரம்மா எட்டு மணிக்கே குளிச்சுக் கிளம்பிட்டார்னு சொல்றாங்க." கோமதி நிமிர்ந்து உட்காருகிறாள். எட்டு மணிக்குக் கிளம்பியவர் பதினொன்றே முக்காலுக்கு எங்கே இருப்பார் என்று அவள் கணக்குப் போடுவது அவள் முகத்தில் தெரிகிறது. காவிரிப் பாலம் என்று ஒன்று இந்த ஊரில் இருக்கிறது, அதை அவள் நினைப்பதும் தெரிகிறது, நானும் நினைக்கிறேன், உடனே வேறு ஒன்றை நினைக்கிறேன். ஜெர்மனில் தொலைந்து போவதற்கு ஒரு சொல் உண்டு, அப்ஹான்டென். கைகளை விட்டு என்று நேர்ப்பொருள். இருப்பதற்கு ஃபோர்ஹான்டென், கைகளுக்கு முன்னால். கை என்பதன் பன்மை ஜெர்மனில் எப்போதோ ஹெண்டே என்று மாறிவிட்டது, ஆனால் இந்த இரண்டு சொற்களுக்குள்ளே மட்டும் பழைய பன்மை உருமாறாமல் ஒளிந்துகொண்டிருக்கிறது. இருத்தலிலும் தொலைதலிலும் மட்டும் அந்தப் பழைய கைகள் மிஞ்சியிருக்கின்றன. இதை அகராதியில் எழுதியபோது சந்தோஷமாக இருந்தது, அன்றைக்கு இரண்டு டம்ளர் காபி குடித்தேன். இப்போது சந்தோஷமாக இல்லை. நாம் கைவிடுதல் என்கிறோம். நான் கையை எடுத்தது ஒரு நொடி. ஒரு நொடிக்குக் கைவிடுதல் என்று பெயர் வைக்க முடியுமா, முடியுமென்றால் அவர் அப்படி வைத்துவிட்டாரா. அவர் வரவில்லை என்றால் நான் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அண்ணனிடம் போய் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம், அவன் நல்லவன், கேட்க மாட்டான், சோறு போடச் சொல்வான். இந்த எண்ணம் வந்ததும் ஆசுவாசமாக இருந்தது. அப்படி இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வராமல் இருக்கத்தான் நான் விரும்புகிறேனா. எழுந்து நிற்கிறேன். "எங்க போறீங்க மேடம்?" என்கிறாள் தெய்வானை. "கீழே பார்த்துட்டு வரேன்." அவள் என் கைப்பையைப் பார்க்கிறாள். நான் பையை பெஞ்சிலேயே வைத்துவிட்டு இறங்குகிறேன்.

வெளியே வந்து கேட்டுக்கு அருகில் நின்றதும் எதிர்ச் சாரியில் டீக்கடைக்குள்ளிருந்து அவர் எழுந்து வருவது தெரிந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு லாரி போக விட்டு, நிதானமாக ரோட்டைக் கடந்து வந்தார். சட்டை அரைக்கைச் சட்டை. இடது கையின் முனையை எல்லாரும் பார்க்கலாம், ரோட்டில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டே போனார்கள். "எவ்வளவு நேரமா அங்க இருக்கீங்க?" என்றேன். "ஒன்பதிலேர்ந்து. நீங்க ஆட்டோவுல வந்து இறங்கினது, கோமதி வந்தது, அன்வர் பைக்ல போனது, எல்லாம் பார்த்தேன்." "போன்?" "அணைச்சு வச்சுட்டேன். நீங்க போறதா இருந்தா போறதுக்கு நேரம் வேணும்ல. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தா உங்களால எழுந்து போக முடியாது. உங்க குணம் அது." அவர் குரலில் வருத்தம் ஏதும் இல்லை. நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், துரு கையில் ஒட்டியது. "ஞாயித்துக்கிழமை கையை இழுத்துக்கிட்டேன்" என்றேன். "ஆமா." "வேணும்னு செய்யலை. ஆனா பயந்துட்டேன். இப்பவும் பயம் போகலை. போகும்னு உங்ககிட்ட சொல்ல எனக்குத் தெரியலை." அவர் தலையசைத்தார். "எனக்கே ஒரு வருஷம் ஆச்சுங்க. குளிக்கும்போது துண்டைப் போட்டு மூடிக்கிட்டுத்தான் தண்ணி ஊத்துவேன். என் கையைப் பார்க்க எனக்கே பயம்." பிறகு சொன்னார், "நீங்க இப்ப கீழ இறங்கினதும் போறீங்கன்னுதான் நினைச்சேன்." "உங்களைத் தேடித்தான் வந்தேன்" என்றேன். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பையை மேலே வைத்துவிட்டு வந்தது உண்மை, அதைச் சொன்னேன். "பை மேலதான் இருக்கு." அவர் முகம் மெதுவாக இளகியது. மாடியிலிருந்து கோமதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, "பதினாறு கூப்பிடுறாங்க" என்றாள், அவள் குரல் அழுகையில் உடைந்திருந்தது. நாங்கள் படியேறினோம்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் திருமண அலுவலர், பக்கத்தில் அந்தக் குமாஸ்தா. முதலில் புகைப்படம். பிறகு ரேகை. "ஆம்பளைன்னா இடது பெருவிரல் சார்" என்று திரையைப் பார்த்தபடியே சொன்ன குமாஸ்தா நிமிர்ந்தார். "இடது கிடையாது, வலது இருக்கு" என்றார் மாசிலாமணி, கடையில் ஒரு சரக்கு இல்லை இன்னொன்று இருக்கிறது என்பது போல. குமாஸ்தா அலுவலரைப் பார்த்தார், அலுவலர், "வலது வைங்க, காரணம் எழுதிக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு உறுதிமொழி. இவரை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன் என்று அவர் சொன்னார், இவரை என் சட்டப்படியான கணவராக ஏற்கிறேன் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்குப் பின்னால் நிற்கிற யாரோ பேசுவது போல் கேட்டது, சொற்கள் சரியாக இருந்தன. கோமதி மூக்கை உறிஞ்சினாள். பெரிய பதிவேட்டைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார்கள். அவர் முதலில் கையெழுத்துப் போட்டார். மின்விசிறி தலைக்கு நேர்மேலே ஓடிக்கொண்டிருந்தது, பக்கம் படபடவென்று எழும்பியது. என் முறை வந்தபோது அவர் சற்று முன்னால் குனிந்து, பக்கம் பறக்காமல் இருக்க, இடது கையின் முனையைத் தாளின்மேல் ஊன்றிக்கொண்டார். அவர் யோசித்துச் செய்யவில்லை, அச்சகத்தில் நாள் முழுக்க அப்படித்தான் தாளைப் பிடிப்பார் போலிருக்கிறது. மணமகள் என்று அச்சடித்த கட்டம் அதை ஒட்டினாற்போல் இருந்தது. மேஜையில் ஒரு கண்ணாடிப் பேப்பர் வெயிட் இருந்தது, குமாஸ்தா அதை எடுத்து என் பக்கம் தள்ளினார். "வேண்டாம் சார்" என்றேன். பேனாவைப் பிடித்துக் கையைத் தாளில் வைத்ததும் என் சுண்டுவிரலும் உள்ளங்கை விளிம்பும் அவர் தோல்மேல் பட்டன. சூடாக இருந்தது. உள்ளே ஏதோ லேசாக அசைந்தது, எந்த விரல் என்று எனக்குத் தெரியாது. என் கை பின்வாங்கப் பார்த்தது, நான் அதை அங்கேயே வைத்திருந்தேன். என் பெயர் நீளமான பெயர், வழக்கமாக இரண்டெழுத்தும் ஒரு கோடுமாக முடித்துவிடுவேன். இன்றைக்கு ஹெப்சிபா எஸ்தர் ரத்தினம் என்று ஒவ்வோர் எழுத்தாக, புள்ளிகள் எல்லாம் வைத்து எழுதினேன்.